மருந்துக்கடையும் மக்கள் நலமும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

யாம் மருத்துவரல்லோம், மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் குமாஸ்தாவே. ஆயினும், மருந்துக்கடைப் படி ஏறாத குடும்பம் இக்காலனியில் ஒன்றேனும் உண்டோ? அத்துணிவில்தான் பேச வந்தோம்.

சென்ற கோடையில் எம் அன்னையார் ஊரிலிருந்து வந்திருந்தார். இரத்தக் கொதிப்புக்கு ஊர் மருத்துவர் கொடுத்த மாத்திரை அவர் பையில் இருந்தது. இங்குள்ள மருத்துவரும் ஒரு மாத்திரை எழுதித் தந்தார். பழைய மாத்திரையைப் பற்றி அவரிடம் சொல்லாதது எம் பிழை. அன்னையார் இரண்டையும் தவறாமல் உட்கொண்டார். சில நாட்களில் கால் வீங்கிற்று. ஒரு காலை தலைசுற்றி விழுந்தும் விட்டார்.

வெயிலின் கொடுமை என்றெண்ணிக் குளுக்கோஸ் வாங்கக் கடைக்குச் சென்றோம். "யாருக்கு? வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்று அங்கிருந்த மருந்தாளுநர் வினவினார். இரண்டு அட்டைகளையும் கொண்டுவரச் செய்து, சிறிய எழுத்துகளைப் படித்தார். விற்பனைப் பெயர்கள் வேறு; உள்ளிருந்த மருந்து ஒன்றே. அம்லோடிபின் என்பது அதன் பெயர். உடனே மருத்துவரிடம் செல்லுமாறு பணித்தார். மருத்துவர் ஒன்றை நிறுத்தினார்; அன்னையார் தேறினார். அன்று அக்கடைக்காரர் விற்றது ஒரு குளுக்கோஸ் பொட்டலம் மட்டுமே.

அன்பர்களே, ஸர் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946-இல் நாடெங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வேண்டுமென்றது. 1952 முதல் அவை எழலாயின. ஆயினும் காய்ச்சல் கண்டால் நம்மில் பலர் முதலில் நாடுவது கடையையே. ஆகவே கடையில் நிற்பவர் கற்றவராயிருத்தல் வேண்டும். அதன் பொருட்டே 1948-இல் பார்மஸிச் சட்டம் இயற்றப்பட்டது. மருத்துவரின் சீட்டுக்குரிய மருந்தைப் பதிவுபெற்ற மருந்தாளுநரின் மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும் என்பது விதி.

2014 மார்ச் முதல், கடுமையான ஆன்டிபயாடிக்குகள் சிலவற்றையும் காசநோய் மருந்துகளையும் விற்கும்போது, எழுதித் தந்த மருத்துவர், நோயாளி ஆகியோர் பெயர்களைக் கடைக்காரர் ஏட்டில் பதிந்து, அவ்வேட்டை மூன்றாண்டு காக்க வேண்டும். காசநோய் மருந்து வாங்குவோரைப் பற்றிச் சுகாதாரத் துறைக்குத் தெரிவிப்பதும் 2018 முதல் அவர் கடமை. கடையும் அரசின் சுகாதார அமைப்புக்கு ஓர் அங்கம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆனால் நாம் செய்வது யாது? மொழி தெரியாமையால் பழைய அட்டையை நீட்டி, "இதில் இரண்டு" என்று விரலைக் காட்டுகிறோம். சீட்டுக் கேட்கும் கடைக்காரரைக் கடிந்து, கேளாதவரை நாடிப் போகிறோம். சிவப்புக் கோடிட்ட மருந்தைக் காய்ச்சல் தணிந்ததும் பாதியில் விட்டுவிடுகிறோம். அரைகுறையாக உண்ட மருந்துக்குக் கிருமி பழகிவிடின், பின்னர் அம்மருந்து நமக்கு மட்டுமன்று, அண்டை வீட்டுக் குழந்தைக்கும் பயன்படாது.

ஆகவே நம் வேண்டுகோள் மூன்று. மருத்துவரிடமும் கடையிலும் வீட்டிலுள்ள மாத்திரைகள் யாவற்றையும் காட்டுங்கள். மூன்றாம் வாரமும் இருமல் நீடிப்பின் மருந்து கேளாது சளிப் பரிசோதனைக்குச் செல்லுங்கள். இவ்வூர் மொழி கற்ற நம் இளைஞர்கள், முதியோருடன் கடைவரை துணை செல்லட்டும்; சங்கம் அதற்கு ஏற்பாடு செய்யட்டும்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!