உப்பும் சர்க்கரையும் சேர்ந்தால்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தா, "தண்ணி குடுக்காதே, இன்னும் போகும்"னு சொல்றவங்க இன்னமும் இருக்காங்க. போறது தண்ணி மட்டுமில்லை. சோடியம், பொட்டாசியம் என்ற உப்புகளும்தான். இதயம் துடிக்கவே அவை வேணும்.

வெறும் உப்புத்தண்ணியைக் குடல் சரியா உறிஞ்சாது. கூடவே குளுக்கோஸ் இருந்தால் அது உப்பைக் கையைப் பிடிச்சு உள்ளே கூட்டிப்போகும். பின்னாலேயே தண்ணியும் போகும். 1960-இல் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி சொன்னது இது.

1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்க எல்லையில், போன்காவ் ஊரில் அகதிகளுக்குக் காலரா. ஏற்ற வேண்டிய சலைன் தீர்ந்துபோச்சு. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு கலந்த பொட்டலங்களைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். ஊட்டினது நர்சுங்க மட்டுமில்லை, தாய்மாரும் சொந்தக்காரங்களும்தான்! நூற்றுக்கு 30 வரை இருந்த சாவு 4-க்கும் கீழே வந்தது.

இன்றைய ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அந்த வழியில் வந்ததுதான். 1 லிட்டர் பாக்கெட்டை, காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணியில் முழுசா கரைக்கணும். ஒரு டம்ளரில் கொட்டினால் உப்பு கூடி ஆபத்தாயிடும். 24 மணி நேரம் கழிச்சு மிச்சத்தைக் கொட்டிடுங்க. தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. பிள்ளை குடிக்காமல் துவண்டாலோ, கண் குழிவிழுந்தாலோ உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிட்டு ஓடுங்க.