ஈயம் வைக்கக் கற்றுக்கொண்டேன்

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மின்சாரப் பாடத்தை நாம் ஆண்டுதோறும் நடத்துகிறோம். தொடரிணைப்பு, பக்க இணைப்பு எல்லாவற்றையும் கரும்பலகையில் அழகாக வரைந்துவிடுவோம். ஆனால் ஒரு கம்பியை இன்னொன்றோடு ஈயம் வைத்து இணைக்கத் தெரியுமா என்று கேட்டால்? இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை எனக்குத் தெரியாது. ஏன் கற்றுக்கொள்ள நேர்ந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அறிவியல் கண்காட்சிக்காக ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எல்.இ.டி. விளக்குகளைக் கொண்டு ஒரு மாதிரி செய்தான். கம்பிகளை முறுக்கி, டேப் ஒட்டியிருந்தோம். நடுவர்கள் எதிரில் வந்து நின்றபோது விளக்கு எரியவில்லை. எல்லோர் முன்னிலையிலும், "ஒழுங்கா முறுக்கினியா?" என்று அவனைக் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "ஈயம் வைக்கணும்னு அன்னிக்கே சொன்னேன் டீச்சர்" என்றான்.

உண்மைதான், சொல்லியிருந்தான். "அதெல்லாம் வேண்டாம், டேப் போதும்" என்று சொன்னது நான். எனக்குத் தெரியாது என்பதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. என் அறியாமைக்கு அவன் பேச்சு வாங்கினான். அதன்பிறகு அறிவியல் மன்றத்துக்கு அவன் வரவேயில்லை.

அந்த வாரமே பேருந்து நிலையம் அருகில் ரேடியோ, டி.வி. பழுது பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் போய்க் கேட்டேன். பழைய ரேடியோ பலகை ஒன்றையும் 25 வாட் சால்டரிங் அயர்னையும் என் முன் வைத்தார். "இதுல இருபது கால் கழட்டுங்க, திரும்ப மாட்டுங்க. அப்புறம் பேசலாம்" என்றார். ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் ஆகியவற்றின் முனைக் கம்பிகளைக் 'கால்' என்றுதான் அவர்கள் சொல்வார்கள்.

நான் அயர்ன் நுனியில் ஈயத்தை உருக்கி, பசை தடவுவதுபோலக் காலின் மேல் வைத்தேன். முத்து முத்தாக உருண்டு நின்றது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அவர் விரல் நகத்தால் தட்டினார், கால் ஆடியது. "ஒட்டின மாதிரி இருக்கும் டீச்சர், உள்ள பிடிச்சிருக்காது. இதுதான் டிரை சால்டர். ஈயத்தைச் சூடாக்காதீங்க, காலைச் சூடாக்குங்க" என்றார்.

முழு வித்தையும் இந்த ஒரு வரியில் இருக்கிறது. அயர்ன் நுனியை ஈரப் பஞ்சில் துடைத்து, துளி ஈயம் பூசிக்கொள்ள வேண்டும். நுனி, காலையும் பலகையின் செம்பையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். இரண்டு விநாடி பொறுத்து, ஈயக் கம்பியை நுனியில் வைக்காமல், சூடேறிய இணைப்பில் வைக்க வேண்டும். அது தானாக உருகி, காலைச் சுற்றிப் பரவும். முதலில் ஈயக் கம்பியை எடுத்து, பிறகு அயர்னை எடுக்க வேண்டும். இறுகும்வரை அசைக்கக் கூடாது. நல்ல இணைப்பு உருண்டையாக நிற்காது. காலிலிருந்து பலகைவரை சரிந்து இறங்கியிருக்கும்.

இது வந்துவிடும் என்று நினைத்தேன், உடனே வரவில்லை. பயத்தில் சீக்கிரம் எடுத்தால் பிடிக்கவில்லை. அதிக நேரம் வைத்தால் பலகையின் செம்பே பெயர்ந்து வந்தது. விரலும் சுட்டது. நான்கு மாலைகள் போனேன். அந்த நான்கு நாளும் அந்த அண்ணன் ஒருமுறைகூட என் கையிலிருந்து அயர்னை வாங்கிச் செய்து காட்டவில்லை. நான் தடுமாறும்போது பார்த்துக்கொண்டே இருந்தார். "இப்ப எங்க சூடு போகுது, பாருங்க" என்று மட்டும் கேட்பார்.

நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன்? "எத்தனை தடவை சொல்றது, குடு இங்கே" என்று பிடுங்கியிருப்பேன். எழுதத் திணறும் குழந்தையின் பென்சிலைப் பிடுங்குகிறோம். கணக்கில் நிற்கும் குழந்தையின் விடையை நாமே சொல்லிவிடுகிறோம். நேரமில்லை என்பது உண்மைதான். ஆனால் அப்படி வந்த விடை நகத்தால் தட்டினால் ஆடிவிடுகிறது. நாற்பது வயதைக் கடந்து புதிதாக ஒன்றைக் கற்கப்போன பிறகுதான் இது எனக்கு உறைத்தது.

இனி வகுப்பறைக்கு வருவோம். உலோகக் கலவை நடத்தும்போது, "வெள்ளீயம் 232 டிகிரி செல்சியசில் உருகும், காரீயம் 327-இல் உருகும். கலந்தால் எவ்வளவில் உருகும்?" என்று கேளுங்கள். எல்லோரும் இரண்டுக்கும் நடுவில் ஓர் எண்ணைச் சொல்வார்கள். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்த கலவை 183 டிகிரியிலேயே உருகிவிடும். அந்த வியப்பிலிருந்து பாடத்தைத் தொடங்கலாம். செம்பின் மேலுள்ள ஆக்சைடு படலத்தை ரோசின் ஏன் நீக்க வேண்டும் என்பது வேதியியல். வெப்பம் எந்த வழியாகப் போகிறது என்பது இயற்பியல்.

பாதுகாப்பில் சமரசம் கூடாது. பள்ளிக்குக் காரீயம் இல்லாத சால்டர் கம்பியையே வாங்குங்கள். அது ஏறத்தாழ 227 டிகிரியில் உருகும் என்பதால் சூடு சற்று அதிகம் தேவை. எழும் புகை ரோசினுடையது. சன்னல் திறந்திருக்கட்டும், ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் தள்ளி இருக்கட்டும். கண்ணாடி அணிய வேண்டும், முடித்ததும் சோப்பால் கை கழுவ வேண்டும். ஒரு நேரத்தில் இருவர் போதும். செய்யும் சுற்று 9 வோல்ட் பேட்டரியில் இயங்குவதாக மட்டுமே இருக்கட்டும், சிவப்பு எல்.இ.டி.யுடன் 470 ஓம் ரெசிஸ்டரைத் தொடராக இணைக்க மறக்காதீர்கள். கை சுட்டால் பற்பசை, மை எதுவும் தடவாமல், குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். தொடக்க வகுப்புகளுக்கு அயர்னே வேண்டாம்; பேட்டரியும் கிளிப் வைத்த கம்பியும் போதும்.

அந்த மாணவனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். கற்று வந்த மறுவாரம் அவன் வகுப்புக்கே போய், எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்: "அன்று தவறு உன்னுடையது இல்லை, என்னுடையது. எனக்கு ஈயம் வைக்கத் தெரியாது என்பதை மறைத்துவிட்டேன்." அவன் ஒன்றும் பேசவில்லை. இரண்டு வாரம் கழித்து, ஒரு மாலை மன்றத்தின் வாசலில் வந்து நின்றான்.

அவனிடம் அயர்னைக் கொடுத்தேன். முதல் இணைப்பு என்னுடையதைப் போலவே உருண்டையாகத்தான் வந்தது. என் கை தானாக நீண்டது. இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டு, "இப்ப எங்க சூடு போகுது, பாரு" என்றேன். ஆறாவது இணைப்பு பிடித்தது.