விமானியின் உயிர்காப்புக் கத்தி

கத்தி என்றதும் போர்க்கருவியே நம் நினைவுக்கு வருகிறது. 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்கப் போர் விமானிகளுக்கென உருவான கத்தியோ பிழைப்பதற்காக ஏற்பட்டது. இதனை 'உயிர்காப்புக் கத்தி' என நாம் தமிழாக்குவதும் அதனாலேயே.

முதலில் ஆறு அங்குலமாயிருந்த அலகு பின்னர் ஐந்து அங்குலமாயிற்று. முதுகிலுள்ள ரம்பப் பற்கள் வீழ்ந்த விமானத்தின் அலுமினியத் தகட்டை அறுக்க உதவும். பிடியோ அடுக்கிய தோல் வளையங்களால் ஆனது. அதன் முனையிலுள்ள அறுகோணக் குமிழ் சுத்தியலாகும். உறையிலேயே சாணைக்கல்லும் உண்டு.

இவற்றைச் சேகரிப்போர் முதலில் நோக்குவது பொறிப்பையே. நியூயார்க் மாநிலத்துக் கமில்லஸ் நிறுவனம் இராணுவத்துக்குச் செய்த பலவற்றின் குமிழில் மாதமும் ஆண்டும் காணலாம். அதே வடிவக் கத்திகள் பொதுமக்களுக்கும் விற்கப்பட்டன. துருவைப் போக்குவதாக எண்ணிக் குமிழைத் தேய்ப்போர் இவ்விரண்டையும் பிரித்தறியும் சான்றையே அழித்துவிடுகின்றனர். அந்நிறுவனமும் 2007-இல் மூடப்பட்டது. அழிந்த பொறிப்பு மீளாது.

ஆகவே, சேகரிப்போர் மெல்லிய எண்ணெய் பூசுவதோடு நிற்பாராக. ஈரம் தங்கும் தோலுறையினின்று எடுத்துத் தனியே வைப்பாராக. பளபளப்பு எப்போதும் கிடைக்கும். பழமை ஒருமுறையே வாய்க்கும்.