ஐந்நூறு ரூபாய் அபராதமும் ஐந்நூறு ரூபாய் ஓட்டும்

(மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் பொதுக்கூட்டத்தில் சட்டசபை உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



ஷிப்டு முடிந்து பஞ்சுத் தூசியைக்கூடத் தட்டாமல் நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். நடவு வயலிலிருந்து வந்த தாய்மார்களின் காலில் இன்னும் சேறு காயவில்லை. ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். ஓட்டுப் போடும் நாளைப்பற்றி முதலில் பேசுவோம்.

தேர்தல் நாளன்று தொழிலாளிக்குச் சம்பளத்துடன் லீவு கொடுக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. உங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 135பி என்று ஒரு பிரிவு. 1996இல் சேர்த்தார்கள். நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டுமல்ல, தினக்கூலிக்கும் அன்றைய கூலியைக் கொடுத்தாக வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லீவு கொடுக்காத முதலாளிக்கு என்ன தண்டனை? அபராதம். அதிகபட்சம் எவ்வளவு? ஐந்நூறு ரூபாய்! ஆயிரம் பேரை மெஷினில் நிறுத்தி நூல் நூற்கிற முதலாளிக்கு ஐந்நூறு ரூபாய் ஒரு பொருட்டா? அதே பிரிவில் இன்னொரு ஓட்டையும் உண்டு. ஒரு ஆள் வராவிட்டால் ஆபத்தோ, கணிசமான நஷ்டமோ ஏற்படும் என்றால் லீவு தரவேண்டியதில்லையாம். நஷ்டம் வராது என்று சொல்லும் முதலாளியை நாம் இதுவரை பார்த்ததில்லை.

வயலில் வேலை செய்பவர்களின் கதி இன்னும் மோசம். அந்தப் பிரிவில் வியாபாரம், தொழில், ஸ்தாபனம் என்றெல்லாம் எழுதியிருக்கிறது. வயல் என்ற சொல் இல்லை. நடவு நாளும் தேர்தல் நாளும் ஒன்றாக வந்தால், ஓட்டுக்குப் போகிற தாய் கூலியை இழக்கிறாள். கூலிக்குப் போகிற தாய் ஓட்டை இழக்கிறாள். இது என்ன சமத்துவம்?

வெள்ளையன் ஆட்சியில், 1937 தேர்தலில், ஓட்டு என்பது பெரும்பாலும் வரி கட்டியவனுக்கும் சொத்து உள்ளவனுக்கும் படித்தவனுக்கும்தான். நம் பாட்டன்மார் சாவடிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள். 1952இல்தான் பண்ணையாருக்கும் ஒரு ஓட்டு, பண்ணையாளுக்கும் ஒரு ஓட்டு என்று வந்தது. வந்த முதல் தடவையே அதன் வலிமை தெரிந்தது. சென்னை ராஜ்ய சட்டசபையில் 375 ஸ்தானங்கள். ஆண்டுகொண்டிருந்த காங்கிரசுக்குக் கிடைத்தது 152. பிறகு என்ன செய்தார்கள்? தேர்தலில் நிற்காத ராஜாஜியைக் கவர்னர் மேல்சபைக்கு நியமித்தார். அவர் முதல் மந்திரியானார். ஜனங்கள் ஒன்று சொன்னால், அதை வேறொன்றாக மாற்றும் வித்தை அன்றைக்கே தொடங்கிவிட்டது.

இன்று அந்த வித்தைக்குப் பெயர் பணம். 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017இல் ஆர்.கே. நகரிலும், 2019இல் வேலூரிலும் தேர்தலையே ரத்து செய்தார்கள். வெள்ளம் வந்ததா, கலவரமா? இல்லை. பணம் பாய்ந்தது.

இதைச் சொன்னவுடன் சில படித்தவர்கள், "ஜனங்கள் காசு வாங்குகிறார்களே, அவர்களைத் திருத்துங்கள்" என்று நமக்கு உபதேசம் செய்கிறார்கள். பஞ்சப்படிக்கு வருஷக்கணக்கில் வழக்கு நடத்தும் குடும்பத்தின் வாசலில் ஐந்நூறு ரூபாயை நீட்டிவிட்டு, கை நீட்டியவளைக் குற்றவாளி என்பதா? நாம் அப்படிச் சொல்லமாட்டோம். ஆனால் ஒரு கணக்கை மட்டும் உங்கள் முன்னால் வைக்கிறோம். ஐந்து வருஷத்துக்கு 60 மாதம். ஐந்நூறு ரூபாயை வகுத்தால் மாதம் எட்டு ரூபாய் சொச்சம். ஒரு நாளைக்கு 27 பைசா. டீ குடிக்கக்கூட ஆகாது. கொடுத்தவன் அந்த 27 பைசாவை யாரிடமிருந்து எத்தனை மடங்காகத் திரும்ப எடுப்பான் என்பதை வீட்டில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள்.

கொடுப்பவனுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? கம்பெனிகள் கட்சிகளுக்கு நன்கொடை தருவதை 1969இல் தடை செய்தார்கள். 1985இல் கதவை மறுபடி திறந்தார்கள். அப்புறம் 2018இல் தேர்தல் பத்திரம் வந்தது. ஸ்டேட் பாங்கில் முதலாளி பத்திரம் வாங்குவான். கட்சி அதைப் பணமாக்கும். யார் யாருக்குக் கொடுத்தார் என்று ஜனங்களுக்குத் தெரியாது. லாபத்தில் ஏழரை சதவீதத்துக்குமேல் தரக்கூடாது என்றிருந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். நஷ்டக் கணக்குக் காட்டி போனஸ் இல்லை என்று கையை விரிக்கும் கம்பெனிகூட கட்சிக்கு அள்ளிக்கொடுக்கலாம் என்றாயிற்று! இப்படி விற்ற பத்திரங்கள் 16,000 கோடி ரூபாய்க்குமேல். இதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனவர்களில் மார்க்சிஸ்ட் கட்சியும் ஒன்று. 2024 பிப்ரவரி 15ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அந்தத் திட்டத்தையே ரத்து செய்தார்கள். பெயர்களைக் கொடுக்க ஜூன் கடைசிவரை அவகாசம் கேட்ட பாங்க், கோர்ட் அதட்டியதும் மறுநாளே கொடுத்தது. வெளிவந்த ஜாபிதாவில் பெருந்தொகை பெற்றது பாரதிய ஜனதா கட்சி, சுமார் 6,000 கோடி. வாங்கியவர்களில் முதல் இடம் ஒரு லாட்டரிக் கம்பெனிக்கு, 1,368 கோடி.

"நீங்கள் மட்டும் யோக்கியமா? 2019இல் கூட்டணித் தலைமைக் கட்சியிடமிருந்து இடதுசாரிகளும் தேர்தல் செலவுக்குப் பணம் வாங்கவில்லையா?" என்று ஒரு மில் தோழர் போன கூட்டத்தில் கேட்டார். கேள்வி நியாயமானது. தி.மு.க. தேர்தல் கமிஷனுக்குக் கொடுத்த கணக்கில் இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கும் சேர்த்து 25 கோடி என்று இருக்கிறது. ரகசியம் அல்ல, கணக்கில் வந்த பணம்தான். ஆனாலும் அது நமக்குப் பெருமை தரும் விஷயமல்ல. உண்டியல் குலுக்கிச் சேர்க்கும் காசால் இன்றைய தேர்தலைச் சந்திக்க முடியாத நிலையை உண்டாக்கிவிட்டார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. அபேட்சகரின் சட்டசபைத் தேர்தல் செலவுக்கு 2022இல் 40 லட்சம் வரம்பு வைத்தார்கள். கட்சியின் செலவுக்கு வரம்பே வைக்கவில்லை! தோழர் இந்திரஜித் குப்தா தலைமையில் 1998இல் அமைந்த கமிட்டி, அங்கீகாரம் பெற்ற கட்சிகளின் தேர்தல் செலவில் ஒரு பகுதியைச் சர்க்காரே ஏற்கவேண்டும், அதையும் ரொக்கமாக அல்லாமல் பொருளாகவும் வசதியாகவும் தரவேண்டும் என்றது. அந்த யோசனையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

பணம் தருகிறவனுடைய சட்டம்தான் சபைக்கு வரும். 2023 ஏப்ரல் 21ஆம் தேதி நம் சட்டசபையில் நடந்ததை மறந்துவிட்டீர்களா? நாளொன்றுக்கு 12 மணி நேரம் வேலை வாங்க வழிசெய்யும் மசோதாவைக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றினார்கள். கூட்டணியில் இருந்தும் இடதுசாரிகள் வெளிநடப்பு செய்தார்கள். 2021இல் தேர்வான அந்தச் சபையில் 234 பேருக்கு நடுவே இடதுசாரிகள் நான்கே பேர். அந்த நால்வரால் மட்டும் மசோதா நின்றுவிடவில்லை. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, மூன்றாம் நாளே நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். எட்டு மணி நேரத்தைக் காத்தது வெளியே நின்ற நீங்கள்தான்.

ஓட்டை எண்ணும் முறையிலும் அநீதி இருக்கிறது. 2014 பார்லிமெண்ட் தேர்தலில் தமிழ்நாட்டில் தி.மு.க. 23 சதவீதத்துக்குமேல் ஓட்டு வாங்கி ஒரு ஸ்தானமும் பெறவில்லை. அ.தி.மு.க. 44 சதவீதத்தில் 39க்கு 37 எடுத்தது. கட்சி எதுவாயினும், நாலில் ஒருவர் ஓட்டு இப்படிக் கிணற்றில் போடலாமா? வாங்கிய ஓட்டின் விகிதப்படி ஒரு பகுதி ஸ்தானங்களாவது கிடைக்கவேண்டும் என்பது நம் கோரிக்கை.

ஆக, நாம் கேட்பது என்ன? அந்த ஐந்நூறு ரூபாய் அபராதத்தை முதலாளிக்கு உறைக்கும்படி உயர்த்து. வயல் வேலையையும் அந்தப் பிரிவில் சேர். கம்பெனிப் பணத்துக்குத் தடை போடு; கட்சிச் செலவுக்கு வரம்பு கட்டு. இந்தச் சட்டத்தைத் திருத்துவது பார்லிமெண்டின் கையில். ஆனால் சட்டசபையில் தீர்மானம் போட்டு டில்லிக்கு அனுப்ப நம்மை யார் தடுப்பது?

கடைசியாக, வாக்காளர் ஜாபிதா. 2025இல் பீகாரில் வரைவு ஜாபிதாவிலிருந்து 65 லட்சம் பெயர்கள் விடுபட்டன. பெயரையும் காரணத்தையும் வெளியிடும்படி சுப்ரீம் கோர்ட் உத்தரவிட வேண்டியதாயிற்று. நம் மில்களில் வேலை செய்யும் பீகார் தோழர்கள் ரயிலில் இரண்டு நாள் போனால்தான் ஊர். பெயர் போனதைச் சரிபார்க்க அவர்கள் எப்போது போவது? நம் பக்கமும் வேலை தேடித் தெரு மாறியவர்கள், ஹாஸ்டலில் தங்கியிருக்கும் மில் பெண்கள், களத்து மேட்டுக் குடிசைக்காரர்கள் பெயர்கள்தான் முதலில் விடுபடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை சங்க ஆபீசில் பாகம் பாகமாக ஜாபிதா இருக்கும். உங்கள் பெயரை மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்காரர் பெயரையும் பார்த்துவிட்டுப் போங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பாரம் நிரப்பித்தர நான்கு தோழர்கள் அங்கே இருப்பார்கள்.