சொல் தவறின் உயிர் தவறும்



ஒரு சொல் பிறழ்ந்தால் வீட்டிற் பூசல் விளையும். அவையில் நகைப்பு எழும். வானத்தில் ஒரு சொல் பிறழ்ந்தாலோ உயிர்களே போய்விடும். சொல்லாராய்ச்சி புலவர்தம் பொழுதுபோக்கு என்று எள்ளுவோர், 1990ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் இரவு நியூயார்க்கில் நேர்ந்ததை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கொலம்பியா நாட்டிலிருந்து 158 பேரைச் சுமந்து வந்தது, அவியாங்கா நிறுவனத்தின் 52ஆம் எண் வானூர்தி. நியூயார்க்கில் அன்று கடும் பனிமூட்டம். இறங்கக் காத்திருந்த ஊர்திகளோ பல. எனவே தரைக் கட்டுப்பாட்டாளர்கள் அவ்வூர்தியை வழியில் மூன்று முறை வட்டமிடச் செய்தனர். அவ்வாறு கழிந்தவை 77 மணித்துளிகள். எரிபொருள் வற்றிக்கொண்டே வந்தது.

தலைமை வானோடிக்கு ஆங்கிலம் அவ்வளவாக வாராது. தரையோடு பேசியவர் துணை வானோடியே. அவர் கேட்டது 'முன்னுரிமை'. இன்னும் ஐந்து மணித்துளிகளே தாங்கும் என்றும், மாற்றிடமாகிய பாசுட்டனுக்கு இனிச் செல்ல இயலாது என்றும் சொன்னார். அச்செய்தி அடுத்த கட்டுப்பாட்டாளரை முழுமையாகச் சென்றடையவில்லை.

தரையிறங்கும் முதல் முயற்சி கைகூடவில்லை. ஊர்தி மீண்டும் மேலெழுந்தது. அப்போது தலைமை வானோடி, தம் தாய்மொழியாகிய இசுபானியத்தில், 'இடர்நிலை என்று அவரிடம் சொல்லும்' எனத் தெளிவாகவே கட்டளையிட்டார். துணைவரோ, பறக்க வேண்டிய திசையைத் திருப்பிச் சொல்லி, அதன் வாலாக, 'எரிபொருள் தீர்ந்துவருகிறது' என்று மட்டும் ஆங்கிலத்திற் சேர்த்தார். 'சொல்லிவிட்டீரா?' என்று தலைவர் வினவினார். 'சொல்லிவிட்டேன்' என்பதே விடை.

சொன்னார்தாம், ஆனால், சொல்ல வேண்டிய சொல்லைச் சொன்னாரில்லை. நெடுந்தொலைவு பறந்து வந்த எவ்வூர்திக்கும் எரிபொருள் தீர்ந்துகொண்டுதான் இருக்கும். 'இடர்நிலை' என்பதே ஏனைய ஊர்திகளை விலக்கி வழிதிறக்கும் சொல். அது தரைக்கு ஒருமுறைகூடப் போகவில்லை. 15 கல் தொலைவு சென்று திரும்புமாறு கூறிய கட்டுப்பாட்டாளர், எரிபொருள் அதற்குப் போதுமா என்று கேட்டபோதும், 'போதும் என்றே கருதுகிறேன். மிக்க நன்றி' என்றார் துணைவர்.

சற்று நேரத்தில் பொறிகள் அவிந்தன. லாங்கு தீவின் கோவ்நெக்கு என்னும் ஊரில் ஊர்தி வீழ்ந்தது. மாண்டோர் 73 பேர். தீப்பற்றவில்லை, எரிவதற்கு எரிபொருள் இருந்தால்தானே!

ஆய்ந்த அமெரிக்க வாரியம், எரிபொருளைக் கணித்து நடத்தாமையும், இடர்நிலையை அறிவியாமையும் ஆகிய வானோடிகளின் தவறுகளையே முதற்கரணியமாக உரைத்தது. எரிபொருட் குறைவை உணர்த்த, இருபாலார்க்கும் ஒப்ப விளங்கும் வரையறுத்த சொற்கள் இல்லாமையையும் துணைக்கரணியமாகச் சுட்டியது. குறைநிலைக்கு ஒரு சொல், இடர்நிலைக்கு ஒரு சொல் எனப் பன்னாட்டு நெறி வகுக்கப்பட்டு நடைமுறைக்கு வந்தது 2012இல்தான்.

'எல்லாரும் ஆங்கிலமே பேசினால் இக்கேடு நேராது' என்பர் சிலர். கனடாவில் 1976இல் வானோடிகள் அவ்வாறே கூறி, கியூபெக்கு வான்வெளியில் பிரஞ்சு கூடாதென வேலைநிறுத்தம் செய்தனர். ஆங்கிலத்தோடு பிரஞ்சும் வழங்குவதாற் பாதுகாப்புக் குறையாது என்று 1979இல் ஆய்வுக்குழு முடிவு கூறியது. பன்னாட்டு நெறியும் தரைநிலையத்தின் வழக்குமொழிக்கு இடந்தருகிறது. வேண்டுவோர்க்கு ஆங்கிலமும் கிடைத்தல் வேண்டும் என்கிறது. பல நாட்டார் கூடும் வானில் பொதுமொழி ஒன்று வேண்டுவதே; அதைத் திருந்தக் கற்றலும் வேண்டுவதே.

ஆயினும், மொழியறிவு மட்டும் போதாது. தாய்மொழியில் ஐயமறப் பிறந்த ஒரு கட்டளை, வேற்றுமொழிக்கு மாறுகையில் தேய்ந்து, வெறுஞ்செய்தியாய்ப் போயிற்று. எம்மொழியாயினும், ஒரு பொருட்கு ஒரு சொல் என வரையறுத்தல் வேண்டும். அச்சொல்லை உரிய பொழுதில் தயங்காது கூறல் வேண்டும். கலைச்சொல்லாக்கம் ஏட்டளவில் முடியும் பணியன்று. அன்றிரவு மாண்ட 73 உயிர்களே அதற்குச் சான்று.