கைப்பேசி படிக்கட்டும், அளவை நாம் சரிபார்ப்போம்

(உழவர் பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



முன்பெல்லாம் பயிர் பற்றிய ஆலோசனை நமக்கு வானொலி வழியாக வந்தது. விரிவாக்க அலுவலர் வாயிலாக வந்தது. காதால் கேட்டோம். ஐயம் இருந்தால் அலுவலரிடம் மறுமுறையும் கேட்டோம். இன்று அதே ஆலோசனை கைப்பேசித் திரையில் எழுத்தாக வந்து நிற்கிறது. தமிழ்நாடு அரசு 2018-ஆம் ஆண்டு வெளியிட்ட உழவன் செயலி இருக்கிறது. 2019-இல் வெளிவந்த மேகதூத் செயலியில் வாரந்தோறும் செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாட்களில் வேளாண் வானிலை ஆலோசனை வருகிறது. இவை தவிர வாட்ஸ்அப் குழுக்களில் வரும் செய்திகளுக்குக் கணக்கில்லை.

செய்தி வருகிறது, ஆனால் அதைப் படிப்பது யார்? நம்மில் பலருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வெள்ளெழுத்து வந்துவிட்டது. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வயலுக்குப் போகிறோம். மகனோ மகளோ மாலையில் வந்து படித்துச் சொல்லட்டும் என்று விட்டுவிடுகிறோம். மாலைக்குள் மருந்து தெளித்து முடித்துவிடுகிறோம். இரவில் மழை வந்து கழுவிக்கொண்டு போகிறது.

பயிர்க் காப்பீட்டிலும் இப்படித்தான். பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஆலங்கட்டி மழை போன்ற உள்ளூர்ச் சேதத்தையும், அறுத்து வயலில் காயப்போட்ட பயிருக்கு வரும் மழைச் சேதத்தையும் 72 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். அந்த மூன்று நாட்களில் ஒரு நாள், செய்தியைப் படிக்க ஆள் தேடுவதிலேயே போய்விடக் கூடாது.

இதற்கு ஒரு வழி நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. திரையில் உள்ள எழுத்தைக் கைப்பேசியே தமிழில் உரக்கப் படித்துக் காட்டும். அதனை எப்படிப் பயன்படுத்துவது, எந்த இடத்தில் அதனை நம்பக் கூடாது என்பதைப் பற்றி இன்று பார்ப்போம்.

படிக்கும் குரல் எப்படி வந்தது?

அச்சு எழுத்தைப் பார்த்துப் படிக்கும் இயந்திரத்தை அமெரிக்காவில் ரே கர்ஸ்வைல் என்பவர் 1976-இல் வெளியிட்டார். கண் பார்வையற்றவர்களுக்காகவே அது செய்யப்பட்டது. அதே வேலையை இன்று கைப்பேசி செய்கிறது. 2020-ஆம் ஆண்டு கூகுள் நிறுவனத்தின் குரல் உதவியாளர், இணையப் பக்கத்தை முழுவதுமாகப் படித்துக் காட்டும் வசதியைப் பெற்றது.

குரல் உதவியாளரை வாயால் அழைத்து வேலை வாங்குவது கைப்பேசிக்குக் கைப்பேசி மாறுபடும். ஆகவே, பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் உள்ள ‘செலக்ட் டு ஸ்பீக்’ என்னும் வசதியை முதலில் பழகிக்கொள்வது நல்லது.

செய்ய வேண்டியவை

1. கைப்பேசியில் ‘செட்டிங்ஸ்’ பகுதியைத் திறந்து, ‘அக்சஸிபிலிட்டி’ என்பதற்குள் செல்லவும். அங்கே ‘டெக்ஸ்ட் டு ஸ்பீச்’ என்ற இடத்தில் மொழியைத் தமிழ் என மாற்றவும். தமிழ்க் குரலை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால், வயலில் சிக்னல் இல்லாத இடத்திலும் படிக்கும்.

2. பேச்சு வேகத்தைச் சற்றுக் குறைத்து வைக்கவும். மோட்டார் ஓடும் இடத்தில் வேகமான பேச்சு காதில் விழாது.

3. அதே அக்சஸிபிலிட்டி பகுதியில் ‘செலக்ட் டு ஸ்பீக்’ வசதியை இயக்கவும். திரையின் ஓரத்தில் சிறிய பொத்தான் ஒன்று தோன்றும்.

4. செய்தியைத் திறந்து, அந்தப் பொத்தானைத் தொட்டு, பின் படிக்க வேண்டிய பத்தியைத் தொடவும். கைப்பேசி படிக்கத் தொடங்கும்.

தமிழ்ச் செய்தியை விட்டுவிட்டு நடுவில் வரும் ஆங்கிலச் சொல்லை மட்டும் படித்தால், தமிழ்க் குரல் சரியாக அமையவில்லை என்று பொருள். முதல் படியை மீண்டும் பார்க்கவும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அதே பகுதியில் ‘டாக்பேக்’ என்று இன்னொரு வசதியும் இருக்கும். அது பார்வையற்றோருக்கானது. அதை இயக்கினால் ஒருமுறை தொடும்போது பெயரை மட்டும் படிக்கும். இருமுறை தட்டினால்தான் திறக்கும். கைப்பேசி கெட்டுவிட்டது என்று எண்ணிக் கடைக்கு ஓட வேண்டாம். ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் உள்ள இரு பொத்தான்களையும் சில விநாடிகள் சேர்த்து அழுத்திப் பிடித்தால், பெரும்பாலான கைப்பேசிகளில் அது நின்றுவிடும்.

படமாக வரும் செய்தி

வாட்ஸ்அப்பில் வரும் ஆலோசனைகளில் பல, எழுத்தாக இல்லாமல் படமாக வருகின்றன. நம் கண்ணுக்கு அது எழுத்து. கைப்பேசிக்கோ அது வெறும் படம். அதைப் படிக்க ‘கூகுள் லென்ஸ்’ உதவும். கூகுள் தேடும் கட்டத்தில் உள்ள கேமரா குறியைத் தொட்டு, படத்தையோ மருந்துப் பெட்டியில் உள்ள துண்டுப் பிரசுரத்தையோ காட்டவும். எழுத்தைத் தேர்ந்தெடுத்து, ‘லிசன்’ என்பதைத் தொட்டால் படிக்கும். இதற்கு இணையத் தொடர்பு வேண்டும். தாள் கசங்காமலும், நிழல் விழாமலும் இருக்க வேண்டும். மங்கலான படத்தில் எழுத்தையே தவறாக எடுத்துக்கொள்ளும்.

காது ஏமாறும் இடங்கள்

முதலாவது, புள்ளி. நெல்லில் துத்தநாகக் குறைபாடு தென்பட்டால் 0.5 சதவீதத் துத்தநாக சல்பேட் கரைசலை இலைவழியாகத் தெளிக்கச் சொல்கிறோம். 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம். படத்தில் அந்தப் புள்ளி மங்கியிருந்தாலோ, நம் காது அதைத் தவறவிட்டாலோ, அது 5 சதவீதம் ஆகிவிடும். 10 லிட்டருக்கு 500 கிராம் போட்டுத் தெளித்தால் இலை கருகும். போன பயிரை மீட்க முடியாது.

இரண்டாவது, எக்டரும் ஏக்கரும். இரண்டும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோல் ஒலிக்கின்றன. ஓர் எக்டர் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். எக்டருக்குச் சொன்ன மருந்தை ஏக்கருக்குப் போட்டால் அளவு இரண்டரை மடங்காகும். பணமும் வீண், பயிருக்கும் கேடு.

மூன்றாவது, அட்டவணை. பயிர், பூச்சி, அளவு, காத்திருப்பு நாள் என்று கட்டம் போட்ட தாளைக் கைப்பேசி ஒரே ஓட்டமாகப் படிக்கும். எந்த அளவு எந்தப் பயிருக்கு என்பது கலந்துவிடும். கத்தரிக்குச் சொன்ன காத்திருப்பு நாளை வெண்டைக்குச் சொன்னதாக எண்ணி முன்னதாகவே பறித்துவிட்டால், நச்சு சந்தைக்கும் போகும், நம் வீட்டுக் குழம்புக்கும் வரும். அட்டவணையைக் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

நான்காவது, வண்ணம். பூச்சி மருந்துப் புட்டியில் உள்ள வண்ணக் குறியில் சிவப்பு மிகக் கடும் நச்சு. மஞ்சள் கடும் நச்சு. நீலம் நடுத்தர நச்சு. பச்சை குறைந்த நச்சு. எழுத்தைப் படிக்கும் குரல் இந்த வண்ணத்தைச் சொல்லாது. மண்டை ஓட்டுக் குறியையும் சொல்லாது. ஆகவே, புட்டியைக் கையில் எடுத்ததும் முதலில் வண்ணத்தைப் பாருங்கள். பிறகு கைப்பேசியைப் படிக்க விடுங்கள்.

படிப்பது வேறு, சொல்வது வேறு

இப்போது நாம் கேட்கும் கேள்விக்குத் தானே பதில் சொல்லும் உதவியாளர்களும் வந்துள்ளன. கூகுளின் ஜெமினி செயலி 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தமிழ் உள்ளிட்ட ஒன்பது இந்திய மொழிகளில் இந்தியாவுக்கு வந்தது. இவ்வகை உதவியாளரிடம் ‘இதில் என்ன இருக்கிறது?’ என்று கேட்டால், திரையில் உள்ளதைச் சுருக்கித் தன் சொற்களில் சொல்லும். சுருக்கும்போது ஒன்று விடுபடலாம். இல்லாத ஒன்று சேரவும் செய்யலாம். பொதுவான செய்திக்கு இது போதும். மருந்தளவு, உர அளவு, கடைசித் தேதி ஆகியவற்றுக்கு எழுதியதை எழுதியபடியே படிக்கச் செய்து கேளுங்கள்.

இரகசியம் காக்க

வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லை ஒருபோதும் உரக்கப் படிக்க விடாதீர்கள். தேநீர்க் கடையிலோ பேருந்திலோ பக்கத்தில் இருப்பவர் காதிலும் அது விழும். மேலும், பொய்ச் செய்தியையும் மெய்ச் செய்தியையும் கைப்பேசி ஒரே குரலில்தான் படிக்கும். தெளிவான தமிழில் படித்தது என்பதற்காக எந்தச் செய்தியும் மெய்யாகிவிடாது. ‘உடனே இந்த இணைப்பைத் தொடுக’ என்று வந்தால், வேளாண்மை அலுவலகத்திலோ வங்கிக் கிளையிலோ நேரில் விசாரித்த பிறகே எதையும் செய்யவும்.

உழவர் பெருமக்களே! நீண்ட ஆலோசனையைக் காதால் கேளுங்கள். எண் வரும் இடத்தில் நிறுத்தி, இன்னொரு முறை கேளுங்கள். பின் எழுத்தைப் பெரிதாக்கியோ, கண்ணாடி போட்டோ அந்த ஓர் எண்ணையும் அதன் அலகையும் மட்டும் கண்ணால் பாருங்கள். அதனை ஒரு தாளில் பெரிதாக எழுதிக்கொண்ட பிறகே தெளிப்பானில் தண்ணீர் ஊற்றுங்கள். முழுப் பக்கத்தையும் படிக்கக் கண் ஒத்துழைக்காவிட்டாலும், ஓர் எண்ணைப் பார்க்க ஒத்துழைக்கும்.

இன்று இரவே வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு தமிழ்க் குரலை அமைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை அவர்கள் செய்து கொடுத்துவிட்டால், அடுத்த வெள்ளிக்கிழமை வரும் வானிலை ஆலோசனையை எவருக்கும் காத்திராமல் நீங்களே வரப்பில் நின்று கேட்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களுக்கும் இதைக் கற்றுக்கொடுங்கள். எண்ணைச் சரிபார்க்கும் வேலையை மட்டும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.