பன்னிக்கறியும் பார்பிக்யூ ரிப்ஸும்

(திருவண்ணாமலையில் இளைஞர்கள் கூடிய ஒரு வாசிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உணவும் சாதியும் பற்றிப் பேசச் சொன்னீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் நடந்த சமையலைச் சொல்கிறேன், அதிலேயே எல்லாம் இருக்கிறது. தம்பி ஒரு சின்ன ஓவன் வாங்கிவந்தான். அதில் பன்றியின் விலா எலும்பைச் சுட்டோம். இப்போது நகரத்து உணவகங்களில் 'பார்பிக்யூ ரிப்ஸ்' என்று விற்கிறார்களே, அதேதான். அம்மா தட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது நம்ம பன்னிக்கறிதானடி, இதுக்கு எதுக்கு இத்தனை பேரு?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கிரிவலப் பாதையை ஒட்டிய தெருவில் வாடகைக்கு வீடு தேடினோம். ஒரு வீட்டுக்காரம்மா அட்வான்ஸ் பேசுவதற்கு முன் கேட்டது, "நீங்க சைவமா?" இல்லை என்றோம். "ஆடு, கோழின்னா பரவாயில்ல. மத்தது கூடாது" என்றார். அந்த 'மத்தது' என்ன என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் புரிந்துதான் இருந்தது. சாதியைக் கேட்க நாக்கு கூசுகிற காலத்தில், கறியைக் கேட்டால் போதும், சாதி தானாக வந்துவிடும்.

வீடு வேண்டுமே, தலையாட்டினோம். அதன்பின் பன்றிக்கறி வந்த நாளெல்லாம் ஜன்னலைச் சாத்தினோம். சமைத்து முடித்ததும் ஊதுபத்தி கொளுத்தினோம். எங்கள் பாட்டி சேரியில் நடுவாசலில் அடுப்பு மூட்டி, தெருவுக்கே வாசம் போகிற மாதிரி ஆக்கியவர். அவருடைய பேத்தி பட்டம் வாங்கி, சம்பளம் வாங்கி, கடைசியில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைக்கிறேன். முன்னேற்றம் என்று இதைத்தான் சொல்கிறோமா?

சரி, செய்முறைக்கு வருகிறேன். கடைக்காரரிடம் சதை ஒட்டிய விலாப்பக்கம் ஒரு கிலோ கேளுங்கள். எலும்புப் பக்கம் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். கத்தி முனையால் கிளப்பி, துணியால் பிடித்து இழுத்தால் உரிந்து வரும். அதை எடுக்காவிட்டால் மசாலா உள்ளே இறங்காது, கடிக்கும்போது ரப்பர் மாதிரி இருக்கும். உப்பு, மிளகு, மிளகாய்த்தூள், நாட்டுச் சர்க்கரை, அரைத்த பூண்டு, சின்ன வெங்காயம் சேர்த்துத் தடவி ஓர் இரவு ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் அலுமினியத் தாளில் இரண்டு சுற்று சுற்றி, 140 டிகிரி சூட்டில் இரண்டரை மணி நேரம் விடுங்கள்.

அவசரப்பட்டால் கெட்டுவிடும். விலாக்கறியில் கொலாஜன் என்கிற உறுதியான இணைப்புத் திசு நிறைய உண்டு. மிதமான சூட்டில் நெடுநேரம் இருந்தால்தான் அது இளகி ஜெலட்டினாக மாறும், கறி எலும்பைவிட்டு நழுவும். நாடாப்புழு பயமும் வேண்டாம், இவ்வளவு நேரம் உள்வரை வெந்த கறியில் அது பிழைக்காது. பிறகு தாளைப் பிரித்து, தக்காளி, புளி, வெல்லம், மிளகாய் போட்டுச் சுண்டவைத்த சாற்றைப் பூசி, 200 டிகிரியில் கால் மணி நேரம். ஓவன் இல்லாதவர்கள் குக்கரில் வேகவைத்துவிட்டு, சாற்றைப் பூசித் தோசைக்கல்லில் புரட்டி எடுங்கள். எங்கள் அம்மா அதுதான் ருசி என்கிறார்.

மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. தெரிந்தே தின்றால் இருபிறப்பாளன் பதிதன் ஆகிவிடுவான் என்று சொல்லப்படும் பொருட்கள்: காளான், ஊர்ப்பன்றி, பூண்டு, ஊர்க்கோழி, வெங்காயம். என் மசாலாவையும் அந்தப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெங்காயமும் பூண்டும் இன்று பெரும்பாலான வீடுகளுக்குள் போய்விட்டன. கோழி ஞாயிற்றுக்கிழமை விருந்தாகிவிட்டது. காளான் கல்யாணப் பந்தியிலேயே வருகிறது. பன்றி மட்டும் வெளியே நிற்கிறது. ஏன்? பன்றியை வளர்த்தவர்கள் யார் என்பதற்குள்தான் பதில் இருக்கிறது.

நாகராஜ் மஞ்சுளேவின் 'பன்ட்ரி' படம் 2013இல் வந்தது. மராத்திப் படம்தான், ஆனால் அந்தத் தலைப்பு கைக்காடி மக்களின் மொழியில் பன்றியைக் குறிக்கும் சொல். நம் 'பன்றி'க்கு உறவுச் சொல். ஊருக்குள் திரியும் பன்றியைப் பிடிக்க அந்தக் குடும்பத்தைத்தான் ஊர் கூப்பிடும், பிடிக்கும்போது அதே ஊர் நின்று சிரிக்கும். 2023இல் 'மாமன்னன்' படத்தில் மாரி செல்வராஜ் பன்றி வளர்க்கும் ஒருவனைக் கதாநாயகனாக்கினார். திரையில் கைதட்டினோம். நம் தெருவில்?

இது கோயில் ஊர், இங்கே இதெல்லாம் கூடாது என்பார்கள். 2023 ஆகஸ்டில் ஆளுநர் ஆர்.என்.ரவி இங்கே வந்துபோனபோது, கிரிவலப் பாதையில் அசைவ உணவகங்கள் இருப்பது பக்தர்களுக்கு வேதனை என்று ஆளுநர் மாளிகை பதிவிட்டது. அதே ஆண்டு ஜனவரி 30இல்தான், இதே மாவட்டத்துத் தென்முடியனூரில், காவல்துறைப் பாதுகாப்போடு தலித் மக்கள் அம்மன் கோயிலுக்குள் முதன்முதலாகக் கால் வைத்தார்கள். எது வேதனை, யாருடைய வேதனை என்று நாமும் கேட்கலாம் அல்லவா?

அவர்கள் சொல்லும் கதைகளையே எடுத்துக்கொள்வோம். இந்த ஊரின் தலபுராணத்தில் சோதியின் அடியைத் தேடிப் பூமியைத் தோண்டிப் போன திருமால் எடுத்த வடிவம் பன்றி. அறுபத்துமூவரில் ஒருவரான கண்ணப்பர் காட்டுப்பன்றியை வேட்டையாடி, நெருப்பில் வாட்டி, பதம் பார்க்கத் தன் வாயில் இட்டு மென்று, ருசியானதைச் சிவனுக்குப் படைத்தார் என்று எழுதியவர் சேக்கிழார். சொல்லப்போனால் அதுவும் பார்பிக்யூதான். இங்கிருந்து மேற்கே இருக்கிற செங்கத்து நன்னனைப் பாடியது மலைபடுகடாம். அந்த ஊருக்குப் போகும் கூத்தரிடம், வழியில் பன்றி விழுந்து கிடந்தால் மூங்கில் தீயில் மயிர் போக வாட்டித் தின்னுங்கள், மிச்சத்தைக் கட்டி எடுத்துப் போங்கள் என்று வழி சொல்கிறது. கறி அப்போதும் இதே கறிதான். நடுவில் வந்து உட்கார்ந்தது தீட்டு.

உலகத்தில் மற்ற இடங்களிலும் இது நடந்திருக்கிறது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் பார்பிக்யூவை வளர்த்தெடுத்ததில் அடிமைகளாக்கப்பட்ட கறுப்பின மக்களின் கைகளுக்குப் பெரும் பங்குண்டு. குழி வெட்டி, விறகு அடுக்கி, இரவெல்லாம் கண்விழித்துச் சுட்டவர்கள் அவர்கள். இன்று அது உலகப் புகழ்பெற்ற உணவு. நம் ஊரிலும் ஆங்கிலப் பெயரோடு, ஏசி அறையில், சீனத் தட்டில் வந்தால் பன்றிக்கறி நாகரிகம். சேரியில் மண்சட்டியில் வந்தால் அசிங்கம். அம்மா கேட்ட 'இத்தனை பேரு' இதற்காகத்தான். பெயரை மாற்றினால் தீட்டு கழிகிறது என்றால், தீட்டு கறியில் இல்லை, ஆக்குகிறவரின் மேல் ஒட்டவைக்கப்பட்டது.

நம்மிடமும் ஒன்று கேட்க வேண்டும். 2022 மே மாதம் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றபோது குரல் எழுந்தது. மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிப்போனது. நல்லது. ஆனால் மாட்டுக்கறிக்குப் பேசுகிற நாம் பன்றிக்கறி என்றால் கொஞ்சம் தயங்குகிறோம். இஸ்லாமியத் தோழர்கள் மனம் புண்படுமோ என்கிறோம். என் இஸ்லாமியத் தோழி எங்கள் வீட்டுக்கு வருகிறாள், அதைச் சாப்பிடமாட்டாள், அன்றைக்கு அவளுக்குத் தனிப் பாத்திரத்தில் வேறு சமைப்போம். 'நான் சாப்பிடமாட்டேன்' என்பது ஒருவருடைய நம்பிக்கை. 'நீ சாப்பிடாதே, சாப்பிட்டால் வீடு இல்லை' என்பது ஆதிக்கம். இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது.

எல்லோரும் பன்றிக்கறி தின்னுங்கள் என்று சொல்ல வரவில்லை. பிடிக்காதவர்கள் விட்டுவிடலாம். அடுத்தவர் அடுப்பிலிருந்து வரும் வாசத்தை வைத்து அவரை எடைபோடுவதை மட்டும் விடுங்கள். நாளை நீங்கள் வீடு கட்டி வாடகைக்கு விடும்போது 'மத்தது' என்ற சொல்லை உச்சரிக்காதீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை தாளைப் பிரித்தபோது வாசம் வீடெல்லாம் நிறைந்தது. அம்மா வழக்கம்போல ஜன்னலைச் சாத்த எழுந்தார். "இருக்கட்டும்மா" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார். அடுத்த மாதம் அந்த வீடு எங்களுக்கு இருக்குமா, தெரியாது. ஜன்னல் திறந்தேதான் இருக்கிறது.

ஜெய்பீம்.